மால்டா கடலில் நேர்ந்த முடி

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அவங்க எந்திரிச்சதப் பாத்துச் சங்கடப்படாதீங்க. அது என் வீட்டுக்காரிதான். நான்தான் எந்திரிக்கச் சொன்னேன். நீங்க கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஆடிக்கிட்டே வந்தீங்க, மனசு கேக்கல. முன்னாடி லேடீஸ் சீட்டுல எடம் இருக்கும், இல்லாட்டி யாராச்சும் குடுப்பாங்க. நீங்க சன்னலோரம் தள்ளி உக்காருங்க. காத்து வரும். நமக்குக் குடுத்தே பழகிப்போச்சு.

எது வரைக்கும்? உடுமலையா? நல்லது. நாங்க பழனி. போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நான் கொஞ்சம் பேசிக்கிட்டு வந்தா உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? இன்னைக்கு நான் பேசிடணும் தம்பி. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, வரேன்.

பேரு தண்டபாணி. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். சின்னாளபட்டி. அங்கிட்டு வந்து லைன் இன்ஸ்பெக்டர் வீடு எதுன்னு கேட்டீங்கன்னா யாருக்கும் தெரியாது. நன்றியுரை தண்டபாணின்னு கேளுங்க, கைய பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவாங்க. ரிட்டயர்மென்ட் விழா, கோயில் விழா, ரத்ததான முகாம், எதுவா இருந்தாலும் கடைசியில நன்றி சொல்ல நான்தான். மைக் செட்டுக்காரர் வரைக்கும் ஒருத்தர் விடமாட்டேன். அதனாலதான் தலையும் இப்படி வச்சிருக்கேன். மேடையில ஏறுறவனுக்கு முகத்தவிட முடிதான் முக்கியம். வாரத்துக்கு ஒரு தடவ டை அடிச்சிருவேன். அம்பது வயசுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நான் ஒண்ணும் மறுக்கிறதில்ல.

மால்டா கேள்விப்பட்டிருக்கீங்களா? நானும் கேள்விப்பட்டதில்ல. மத்தியதரைக் கடல்ல ஒரு தீவு. எங்க மக வினோதினி அங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்சு. போன வருசம் ஆவணியில எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டு வரச் சொல்லிட்டா. மக கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா? ராஜாமணி, அதான் முன்னாடி நிக்கிறாளே, அவளுக்குச் சந்தோசம் தாங்கல. பொடி இடிக்கிறதும் அப்பளம் காய வைக்கிறதுமா பத்து நாள் வீடு பூராம் நெடி.

பிளைட்டுல பக்கத்துல ஒரு வெள்ளக்காரப் பாட்டிம்மா குளிர்ல நடுங்கிக்கிட்டு வந்துச்சு. ராஜாமணியோட ஸ்வெட்டரக் கழட்டிக் குடுத்தேன். அந்தம்மா தேங்க் யூன்னு நாலு தடவ சொல்லிட்டு, போர்த்தித் தூங்கி, எறங்குறப்ப அதோடயே போயிருச்சு. போகட்டும். இவ தும்மிக்கிட்டேதான் வந்தா. ஆனா ஊருக்குப் போனதும் அந்தப் பாட்டிம்மா யார்கிட்டயாச்சும் சொல்லும்ல, இந்தியாக்காரன் குடுத்தான்னு?

தீவு எப்படி இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? கடல் நீலமா இருக்கும்னு வினோதினி போன்ல சொல்லியிருந்தா. நீலமாத்தான் இருந்துச்சு. வீடெல்லாம் ஒரே மஞ்சக் கல்லு. வயலுக்கு வயலு கல்ல அடுக்கிச் சுவரு. ரோட்டோரம் பூராம் சப்பாத்திக்கள்ளி. மூணு பிளைட்டு மாறிப் போயி நான் மொதல்ல பாத்தது சப்பாத்திக்கள்ளி தம்பி. வேடசந்தூர் பக்கம் போனாலே பாத்திருக்கலாம். அங்க அந்தப் பழத்தப் பறிச்சுத் திங்கிறாங்க. பப்ஸ் மாதிரி ஒண்ணு விக்கிறான், உள்ள பட்டாணி. நல்லா இருந்துச்சு. கோயில் திருவிழா வேற நடந்துச்சு, அவங்க சர்ச்சுலதான். புனிதரத் தோள்ல தூக்கிக்கிட்டு ஊரச் சுத்தி வர்றாங்க, வெடி போடுறான் பாருங்க வெடி, நம்ம ஊரே தோத்துப் போகும். எல்லாம் முடிஞ்சு யாரும் நன்றி சொல்லல. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு.

பக்கத்து வீட்டுல டோரிஸ்னு ஒரு அம்மா. தனியா இருக்கு. அதுக்கும் ராஜாமணிக்கும் எப்படித்தான் ஒத்துப்போச்சோ தெரியல. அது அந்த ஊர்ப் பேச்சு பேசும், இவ சின்னாளபட்டிப் பேச்சு பேசுவா, ரெண்டு பேரும் தலையாட்டிக்குவாங்க. இவ தல குளிச்சிட்டு மொட்டமாடியில முடி ஆத்தப் போனா அந்தம்மாவும் வந்துரும். உங்களுக்கு இங்கிருந்து சரியாத் தெரியாது, கூட்டம் மறைக்குது. ராஜாமணிக்கு முடி இடுப்புக்குக் கீழ வரும். இந்த வயசுலயும். டை கிடையாது. அந்தம்மா அதக் கையில ஏந்திக்கிட்டு பியூட்டிபுல்னு சொல்லுச்சு. ராஜாமணி சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு, எங்கிட்ட அப்படிச் சிரிச்சதே இல்ல. அந்தம்மா என்னத்தப் பெருசாச் சொல்லிருச்சு? ஒத்த வார்த்தை. நான் ஒரு நாளைக்கு எவ்வளவு பேசுறேன்.

சரி, நம்ம மேல இம்புட்டுப் பிரியமா இருக்குதேன்னு நான் ராஜாமணி கொண்டுவந்த சீயக்காய்ப் பொடி டப்பாவ எடுத்து அந்தம்மாவுக்குக் குடுத்துட்டேன். முழு டப்பா. சும்மா ஒரு கரண்டி குடுக்கிற ஆளு இல்ல நான். அந்தம்மா அதக் கொழம்புப் பொடின்னு நெனச்சு சூப்புல போட்டுருச்சாம், அது வேற கதை. ராஜாமணி அப்புறம் ஊர் திரும்புற வரைக்கும் சோப்புதான் போட்டா. அவ எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்த விசயத்துல நான் குடுத்து வச்சவன்.

இப்ப விசயத்துக்கு வரேன். அங்க பெரிய தீவுக்குப் பக்கத்துல கொமினோன்னு ஒரு குட்டித் தீவு இருக்கு. படகுல போகணும். துறையில நிக்கிற படகுகளுக்கு மூக்குல ரெண்டு பக்கமும் கண்ணு வரைஞ்சிருக்கான். நல்ல ஏற்பாடு, கண்ணு இருந்தா பாத்துப் போகும்ல. ஆனா வினோதினி டிக்கெட் வாங்குனது கண்ணில்லாத படகுக்கு. ரப்பரு மாதிரி, விரசாப் போற படகு. கெளம்புன கொஞ்ச நேரத்துல புயலு அடிக்க ஆரம்பிச்சிருச்சு.

மேகம் இல்ல. மழை இல்ல. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது. ஆனா புயலு. படகு எகிறிப் போயி விழுது, எகிறிப் போயி விழுது. தண்ணி மூஞ்சியில வந்து அறையுது. கூட இருந்த வெள்ளக்காரங்க பூராம் கத்துறாங்க. சாவு பயம். கைய மேல தூக்கிக்கிட்டு ஊ ஊன்னு கத்துறாங்க தம்பி. படகுக்காரன் ஒத்தக் கையில ஓட்டிக்கிட்டு இன்னொரு கையில போன் பேசுறான். வீட்டுக்குத்தான் தகவல் சொல்றான்னு நெனச்சேன். வினோதினி இன்னைக்கு வரைக்கும் சொல்றா, அப்பா அது புயலே இல்ல, வேகமாப் போனா படகு அப்படித்தான் குதிக்கும், குதிக்கிறதுக்குத்தான் டிக்கெட்டேன்னு. சின்னப் பிள்ளை. அது எப்பேர்ப்பட்ட புயலுன்னு முருகனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

படகு ஒரு தடவ மேல போயி விழுந்துச்சு பாருங்க, நான் கைக்கு அகப்பட்டதப் பிடிச்சேன். அகப்பட்டது ராஜாமணியோட சடை. பிடிச்ச பிடியில, முருகா, பழனியாண்டவா, உயிரோட கரை சேத்துரு, இவ முடிய முழுசா உனக்குக் குடுத்துடறேன்னு கத்திட்டேன். மைக் இல்லாம ரெண்டாயிரம் பேருக்குக் கேக்குற தொண்டை தம்பி. வெள்ளக்காரங்க கை தட்டுனாங்க. பாட்டுன்னு நெனச்சிருப்பாங்க.

கரை சேந்தோமா இல்லையா? சேந்தோம். அப்ப நேர்த்தி பலிச்சுதா இல்லையா?

அந்தக் குட்டித் தீவுல எறங்கி ஒரு பாறை மேல உக்காந்தோம். ராஜாமணி சடையில இருந்து தண்ணியப் பிழிஞ்சுக்கிட்டே கேட்டா, "எம் முடிய யாரக் கேட்டுக் குடுத்தீங்க?"

நான் என்ன சொல்றது? சாகப்போற நேரத்துல யாரக் கேக்குறது? "உங்க தலையில இல்லாத முடியா?"ன்னு அடுத்த கேள்வி. நியாயமாப் பதில் சொன்னேன். ஊருக்குப் போனதும் செயற்பொறியாளரு ரிட்டயர்மென்ட், நான்தான் நன்றியுரை, மொட்டையா நின்னா சபைக்கு மரியாதை இல்ல. நீ வீட்டுக்குள்ள இருக்கிறவ, முக்காட்டப் போட்டுக்கிட்டா முடிஞ்சுது. நான் சொன்னதுல ஏதாவது தப்பு இருக்கா? வினோதினி குறுக்க வந்து, "அம்மா முடிய நீங்க எப்படிப்பா நேந்துக்க முடியும்?"ங்கிறா. பிள்ளைக்கு மொட்டை போடுறதா பெத்தவங்க நேந்துக்கிறது இல்லையா, அது மாதிரிதான், வீட்டுல ஒருத்தரு நேந்தா வீட்டுல யாருக்கும் பொருந்தும்னு விளக்கிச் சொன்னேன். அப்படின்னா பூமுடி குடுத்தாப் போதும்பா, மூணு கொத்து வெட்டிப் போட்டா நேர்த்தி தீந்துரும்னா. முழுசான்னு சொல்லிட்டு மூணு கொத்தா? முருகன்கிட்டப் போயி டிஸ்கவுண்ட் பேசலாமான்னு கேட்டேன். ராஜாமணி திரும்பவும் சடையப் பிழிய ஆரம்பிச்சா.

சாயங்காலம் அதே படகுல திரும்புனோம். அப்ப கடலு எப்படி இருந்துச்சுங்கிறீங்க? சாணி மொழுகுன வாசல் மாதிரி கெடக்குது. ஒரு அலை இல்ல. படகுக்காரனுக்கும் அவசரம் இல்ல, பைய ஓட்டுறான். நான் எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டு வரேன். திரும்பிப் பாத்தா ராஜாமணி கண்ண மூடிக் கை கூப்பி உக்காந்திருக்கா. வாய் முணுமுணுங்குது. பக்கத்துல இருந்த வெள்ளக்காரர்கிட்ட நான் பெருமையாச் சொன்னேன், பாருங்க, எனக்காக வேண்டிக்கிறான்னு. அவரும் வெரி குட்னாரு.

அலையே இல்லாத கடல்ல யாராவது நேந்துக்குவாங்களா தம்பி? எனக்கு எப்படித் தோணும்?

ஊருக்குக் கெளம்புறதுக்கு மொத நாள் வினோதினி கூட வேலை பாக்குறவங்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டுட்டேன். ராஜாமணி ரசம் வைப்பா, எல்லாரும் வாங்கன்னு சொன்னேன், பதினஞ்சு பேரு வந்துட்டாங்க. இவ காலையில இருந்து அடுப்படியில நின்னா. சாப்பிட்டு முடிச்சதும் நான் நன்றியுரை சொன்னேன். மால்டா அரசாங்கத்துக்கு, விமானிக்கு, டோரிஸம்மாவுக்கு, படகுக்காரருக்கு, கடலுக்கு. ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை எந்திரிச்சு, சமைச்ச உங்க மனைவிக்கு நன்றி இல்லையான்னு கேட்டுச்சு. விவரம் தெரியாத பிள்ளை. வீட்டாளுக்கு நன்றி சொன்னா வேத்து ஆளு மாதிரி ஆயிராதா?

இந்தா ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. தாகமா இருக்கா தம்பி? இருங்க. ராஜாமணி! அந்தத் தண்ணி பாட்டில இப்படிக் குடு. கை மாத்தி விடுங்கம்மா. குடிங்க, குடிங்க, முழுசாக் குடிங்க. அவ தண்ணியே அதிகம் குடிக்க மாட்டா.

ஊருக்கு வந்ததும் இவ பழனிப் பேச்சையே எடுக்கல. நான் விடுவேனா? காலையில காப்பி குடிக்கிறப்ப சொல்லுவேன், நேந்தத நிறுத்தி வச்சா சாமி குத்தம்னு. சாயங்காலம் கால்ல சுளுக்குன்னு சொன்னா, பாத்தியா முருகன் ஞாபகப்படுத்துறான்னு சொல்லுவேன். மோட்டாரு ரிப்பேரானா முருகன். பால் திரிஞ்சா முருகன். தை மாசம் பூராம் சொன்னேன். மாசி பூராம் சொன்னேன். போன வாரம் இட்டிலி வச்சுக்கிட்டே, "சரி, போயிட்டு வந்துருவோம்"னா. எனக்கு மனசு நெறஞ்சு போச்சு. அப்பவே காலண்டரப் பாத்து நாள் குறிச்சேன். அதுக்கப்புறம் சட்டினிய ஊத்திக்கிட்டே சொல்றா, "நானும் ஒண்ணு நேந்திருக்கேன். அதையும் அன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

என்னான்னேன்.

"நீங்க ஒரு மண்டலம் மௌன விரதம். பழனி மண்ணுல கால் வச்ச நிமிசத்துல இருந்து."

நான் சிரிச்சேன் தம்பி. வெளையாட்டுன்னு நெனச்சேன். அவ சிரிக்கல. எந்த மனுசிக்காவது புருசன் வாய் பேசாம இருக்கணும்னு வேண்டிக்கத் தோணுமா? எதுக்காக நேந்தேன்னு கேட்டா, "கரை சேந்தா"ங்கிறா. சாயங்காலம் அலையே இல்லாமக் கெடந்த அந்தக் கடல்ல யாரு கரை சேர மாட்டா? கட்டை கூட மெதந்தே சேந்துரும்! என் வாய என்னயக் கேக்காம நீ எப்படி நேரலாம்னு கேட்டேன். "வீட்டுல ஒருத்தரு நேந்தா யாருக்கும் பொருந்தும்னு நீங்கதான சொன்னீங்க"ன்னா. சரி, பேச்ச நிறுத்திக்கிறேன், துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டலாம்ல, வாட்ஸ்அப்புல அனுப்பலாம்லன்னு கேட்டேன். இட்டிலிப் பானைய மூடிக்கிட்டு ஒரே வார்த்தை, "முருகன்கிட்டப் போயி டிஸ்கவுண்ட் பேசலாமா?"

அதுக்கப்புறம் நான் என்ன பேச முடியும்? சாமி குத்தம் சாமி குத்தம்னு ரெண்டு மாசமா நானே சொல்லி வச்சிருக்கேன். பங்குனியில நாலு விழா ஒத்துக்கிட்டிருக்கேன். நேத்து ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு வர முடியாதுன்னு சொன்னேன். ஒருத்தர் கூட ஏன்னு கேக்கல தம்பி. பரவால்ல சார், உடம்பப் பாத்துக்கங்கன்னு வச்சிட்டாங்க. ஒருத்தர் நல்லதுன்னே சொன்னாரு. வாய் தவறி வந்திருக்கும்.

அதான் சொன்னேன், இன்னைக்கு நான் பேசிடணும்னு.

அந்தா பாருங்க, மலை தெரியுது. அதுக்குள்ள வந்துருச்சே. டிரைவரு என்ன இந்த விரட்டு விரட்டுறாரு.

தம்பி, ஒண்ணு சொல்றேன். இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. இன்னைக்கு விடிகாலையில அவ தல குளிச்சா. நல்லா சீயக்காய் தேச்சு, சாம்பிராணி போட்டு, பொறுமையா ஆத்துனா. மொட்டையடிக்கப் போற முடிக்கு எதுக்குச் சாம்பிராணி? கேக்கலாம்னுதான் பின்னாடி போயி நின்னேன். வாய் வரல. எனக்கே வாய் வரல தம்பி! கல்யாணம் ஆன நாள்ல இருந்து கண்ண முழிச்சா நான் பாக்குறது அந்த முதுகும் அந்தச் சடையும்தான். அது இல்லாத ராஜாமணிய எனக்குப் பாக்கத் தெரியாது. பயமா இருக்கு. படகுல பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்ல.

வேண்டாம் ராஜாமணி, மூணு கொத்து குடு, முருகன் ஒத்துக்குவான், நான் பேசிக்கிறேன் அவன்கிட்டன்னு சொல்லிரலாம்னுதான் வந்தேன். வீட்டுல வச்சுச் சொல்ல வரல. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து பையச் சொல்லலாம்னு, ரெண்டு பேரு சீட்டாப் பாத்து மூணு பஸ்ஸ விட்டுட்டு இதுல ஏறுனேன். அவள சன்னலோரம் உக்கார வச்சேன். சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். நீங்க வந்து நின்னீங்க.

உங்கள ஒண்ணும் சொல்லல தம்பி. நீங்க நில்லுங்கன்னு நான் விட்டிருந்திருக்கலாம். தோணல.

நீங்க ஒரு உதவி பண்றீங்களா? எங்க கூட எறங்கிருங்க. எறங்கி அவகிட்ட நீங்க சொல்லுங்க, இந்த மாதிரி அவரு வேண்டாங்கிறாருன்னு. உடுமலைக்குக் கால் மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. நீங்க சொல்லிடுவீங்கன்னு நான் முடிவே பண்ணிட்டேன். ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? சரி, சரி. கோவிச்சுக்காதீங்க. உங்க சோலி உங்களுக்கு.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. ராஜாமணி எறங்கிட்டா பாருங்க, முன்வாசல்ல. கொஞ்சம் வழி விடுங்கம்மா. கண்டக்டர், விசில் ஊதாதீங்க, ஆளு எறங்கணும். இல்ல, எறங்குறேன், எறங்குறேன். படியிலதான நிக்கிறேன். இன்னும் காலக் கீழ வைக்கல. ஒரு நிமிசம் குடுங்க. ஒரே ஒரு வார்த்தை பேசிட்டு எறங்கிடறேன்.

ராஜாமணி! ஏய், ராஜாமணி!

திரும்பிட்டா தம்பி. இங்கிட்டுத்தான் பாக்குறா. வெயில்ல முடி மினுக்குன்னு தெரியுது. நான் எப்படி ஆரம்பிக்க? ராஜாமணி... வந்து... வெயிலு சுள்ளுன்னு இருக்கே... மொட்டையடிச்ச தலையில சுத்திக்கத் துண்டு எடுத்துக்கிட்டியா?

எடுத்துட்டாளாம். தலையாட்டுறா. என்னமோ விரலக் காட்டுறா.

ரெண்டா? ரெண்டு துண்டு எதுக்கு? ஒரு தலைக்கு ஒண்ணு போதுமே. கண்டக்டர், தள்ளாதீங்க, கால் வழுக்குது! ஏய் ராஜாமணி, இன்னொண்ணு யாரு தலை—